இருபத்து நாலு துலிப் கிழங்குகளும் ஒரு பெட்டி ஆப்பிளும்

செப்டம்பர் 27, சனி

வெப்பம்: 4 டிகிரி.

குறிப்பு: இந்த நோட்டு என்னுடையதில்லை, என் மகள் சிந்துஜாவுடையது. பக்கத்துக்குப் பக்கம் கோடு போட்டு, தேதி, வெப்பம், குறிப்பு என்று தலைப்பு எழுதி, மூலையில் எண்ணும் போட்டுக் கொடுத்திருக்கிறாள். எண் எதற்கு என்று கேட்டேன். நடுவில் ஒரு பக்கத்தைக் கிழித்தால் தெரிந்துவிடும் என்றாள். அப்பன் மேல் அவ்வளவு நம்பிக்கை.

குறிப்புக்கு இரண்டு வார்த்தை போதுமாம். பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு தடவை விழுந்தவன் நான், ஆனால் தமிழில் எழுபத்திரண்டு. இரண்டு வார்த்தையோடு நிறுத்துகிற ஆள் இல்லை.

விஷயம் இதுதான். சிந்து கோயம்புத்தூரில் தோட்டக்கலை படிக்கிறாள், கடைசி வருஷம், ஜனவரியோடு பரீட்சை முடிகிறது. இமாசலத்தில், மணாலிக்கும் மேலே ஒரு தோட்டம் இருக்கிறதாம். பனி உருகினதும் முதலில் எட்டிப் பார்க்கிற கிழங்குப் பூக்களை அங்கே ஏக்கர் கணக்கில் வளர்க்கிறார்கள். மார்ச்சிலிருந்து இரண்டு வருஷப் பயிற்சிக்கு இவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பிப்ரவரி இருபதுக்குள் பதில் எழுத வேண்டும், தகப்பன் கையெழுத்தோடு. நான் முடியாது என்றேன். இந்தி தெரியாது, குளிர் தாங்காது, ரயிலில் மட்டும் இரண்டு ராத்திரி. மூன்று காரணம் சொன்னேன். மூன்றையும் அவள் மடக்கினாள். கடைசியில் சுவரில் தொங்கிய உரக்கடைக் காலண்டரைக் காட்டி, "இந்தப் பூவெல்லாம் காலண்டர்லதான் பூக்கும், நெசத்துல பூக்காது" என்றேன். காலண்டரில் இருந்தது துலிப்.

"நம்ம வாசல்ல பூக்க வெச்சுக் காட்டினா?"

"காட்டு. கையெழுத்துப் போடறேன்."

என் வாய் என்னைக் கேட்டுக்கொண்டு திறப்பதில்லை. அடுத்த வாரமே ஒரு காகிதப் பையோடு வந்து நிற்கிறாள். கல்லூரித் தோட்டத்தில் மிஞ்சின கிழங்குகள். துலிப் இருபத்து நாலு, டாஃபடில் பத்து, குரோக்கஸ் எட்டு. பார்ப்பதற்கு வெங்காயம் மாதிரிதான், தோல் மட்டும் பழுப்பு. பந்தயம் துலிப்புக்கு மட்டும்.

இதுகளுக்குப் பதினாலு வாரம் விடாத குளிர் வேண்டுமாம். குளிரில் கிடந்தால்தான் உள்ளே பூ தயாராகும். ஊட்டிக்குப் பக்கத்தில் இருக்கிற நம் கேத்தியில் பனி விழும், ஆனால் ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் அடித்துக் கெடுத்துவிடும். அதனால் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ்தான் இமயமலை. ஜனவரியில் எடுத்து நட வேண்டும். அவள் விடுதியில் ஃப்ரிட்ஜ் கிடையாது.

ஆகவே, பூத்தால் தோற்கப்போகிறவன் கையிலேயே கிழங்கைக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டாள். இவளைத்தான் நான் படிக்க வைத்தேன்.

செப்டம்பர் 28

வெப்பம்: 4.

குறிப்பு: ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் இத்தனை நாள் இருந்தது இட்லி மாவு. அது வெளியே வந்து பொங்கிவிட்டது. யார் பக்கம் நீ என்று தெய்வாவைக் கேட்டேன். தெய்வா என் வீட்டுக்காரி, அங்கன்வாடியில் சமையல். மாவு பக்கம் என்றாள்.

சிந்து எழுதி ஒட்டிய விதிகள் ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கின்றன. பையில் ஓட்டை அடைபடக் கூடாது. தண்ணீர் படக் கூடாது. மூன்றாவது சிவப்பு மையில்: எந்தப் பழமும் உள்ளே வைக்கக் கூடாது. பழம் பழுக்கும்போது விடுகிற மூச்சு பட்டால் கிழங்குக்குள் இருக்கிற பூ செத்துவிடுமாம். அப்புறம் இலை வரும், பூ வராது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாதாம்.

செப்டம்பர் 30

வெப்பம்: 4.

குறிப்பு: ஒன்றுமில்லை. (இரண்டு வார்த்தைக்கும் குறைவு. சந்தோஷமா கண்ணு?)

அக்டோபர் 1, ஆயுத பூஜை

வெப்பம்: 4.

குறிப்பு: நான் வேலை செய்வது பாலாடாவில், கேரட் கழுவும் மிஷினில். பதினெட்டு வருஷமாக. விடிவதற்கு முன் போனால் பத்து மணிக்கெல்லாம் வீடு. இன்று மிஷினுக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, பூசணி உடைத்தாயிற்று. முதலாளி ஆளுக்கு ஒரு பை பொரியும், எல்லாருக்குமாக ஒரு பெட்டி ஆப்பிளும் கொடுத்தார். பாதிப் பேர் லீவு. வந்த பிறகு பிரித்துக் கொடுக்கச் சொல்லி, மூத்தவன் என்பதால் பெட்டியை என்னிடம் ஒப்படைத்தார்.

நாற்பது ஆப்பிள். வெளியே வைத்தால் கெட்டுவிடுமே என்று ஃப்ரிட்ஜில் வைத்தேன். கீழ்த்தட்டில்.

தெய்வா பார்த்துவிட்டு, "இந்தக் குளிர்ல ஆப்பிளை எதுக்குங்க ஃப்ரிட்ஜ்ல வெக்கறீங்க, வெளிய வெச்சா ஒரு மாசம் இருக்குமே" என்றாள். அவளுக்குப் பழங்களைப் பற்றி என்ன தெரியும்.

அக்டோபர் 4

வெப்பம்: 4.

குறிப்பு: ஆப்பிள் நன்றாக இருக்கிறது.

அக்டோபர் 7

வெப்பம்: 4.

குறிப்பு: இன்னும் இரண்டு பேர் லீவிலிருந்து வரவில்லை.

அக்டோபர் 10

வெப்பம்: 4.

குறிப்பு: சிந்து ஃபோன் செய்தாள். சாப்பிட்டீங்களா, முட்டி வலி எப்படி இருக்கு என்று எல்லாம் கேட்டுவிட்டு, பழம் எதுவும் உள்ளே வைக்கவில்லையே என்றும் கேட்டாள். இல்லை என்றேன். ஃபோனை வைத்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மிஷின் கொட்டகையில் எல்லாருக்கும் கொடுத்துவிட்டு வந்தேன். லீவில் இருப்பவர்களுக்கு அவர்கள் வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒருவன் வீடு காட்டேரி என்கிற ஊரையும் தாண்டி இருக்கிறது. ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டான். பழம் வீணாகக் கூடாதில்லையா.

அக்டோபர் 20, தீபாவளி

வெப்பம்: 5 (கதவை நூறு தடவை திறந்ததால்).

குறிப்பு: சிந்து வந்திருக்கிறாள். வந்ததும் என்னை விசாரிக்கவில்லை, பையை எடுத்து ஒவ்வொரு கிழங்காக அமுக்கிப் பார்த்தாள். எல்லாம் கெட்டியாக இருக்கிறதாம். "சூப்பரா பாத்துக்கறீங்கப்பா" என்றாள். அவள் சுட்ட அதிரசத்தில் எனக்கு ஏனோ ருசி தெரியவில்லை. வெல்லம் சரியில்லை போல.

அம்மாவும் மகளும் அடுப்படியில் உட்கார்ந்து இந்தி படிக்கிறார்கள். தெய்வா ஒரு மணி நேரத்தில் இருபது வரை எண்ணக் கற்றுக்கொண்டாள். யார் பக்கம் என்று இனி நான் கேட்கத் தேவையில்லை.

அக்டோபர் 29

வெப்பம்: 4.

குறிப்பு: கழுவும் கொட்டகையில் ராம்பிரவேஷ் என்று ஒரு ஆள், வடக்கே இருந்து வந்தவன், ஓரளவு தமிழ் பேசுவான். சாப்பிட்டாயா, உடம்பு சரியில்லையா, எப்போது வருவாய், இதற்கெல்லாம் இந்தியில் என்ன என்று கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டேன். சும்மா பொழுது போகாமல் கேட்டதுதான். அவன் பதிலுக்கு, "மணாலியில இப்பவே ஐஸ் விழும் அண்ணா, ரெண்டு செருப்புப் போடணும், ஒண்ணு பத்தாது" என்றான். ஒரு காலுக்கு எப்படி இரண்டு செருப்புப் போடுவது என்று யோசித்துக்கொண்டே கேரட்டை விட்டுவிட்டேன். அரை மூட்டை ஓடையோடு போய்விட்டது.

நவம்பர் 17

வெப்பம்: காலை 4, மத்தியானம் 11.

குறிப்பு: இரண்டு நாளாக விடாத மழை. வெலிங்டன் பக்கம் மரம் விழுந்து விடியற்காலையில் போன கரண்ட் மத்தியானம் வரை வரவில்லை. ஃப்ரிட்ஜுக்குள் கையை விட்டால் வெளியைவிடச் சூடாக இருக்கிறது. தெர்மாமீட்டர் பதினொன்று காட்டியது.

பையை ஒரு எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடி, கேரட் கழுவும் தொட்டிக்கு மேலே மலையிலிருந்து தண்ணீர் விழுகிற இடத்துக்குக் கொண்டு போனேன். அங்கே கையை வைத்தால் நகம் நீலமாகும். தூக்கைக் கழுத்தளவு தண்ணீரில் நிறுத்தி, கல் முட்டுக் கொடுத்து, பக்கத்தில் குடை பிடித்து உட்கார்ந்தேன். மழையில் தூக்குக்குத்தான் குடை பிடித்திருக்கிறேன், நான் நனைந்திருக்கிறேன். அதுவும் பிறகுதான் தெரிந்தது. தெர்மாமீட்டர் ஏழுக்கு இறங்கியது.

நாலு மணி நேரம். கொட்டகைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். முதலாளியும் வந்தார். மதியச் சாப்பாடா, இவ்வளவு சில்லென்று யாருக்கு என்றார்.

தெய்வா சூடாகக் காபி கொண்டுவந்தாள். "நீங்க உட்காரலைன்னா இன்னிக்கோட உங்க பந்தயம் ஜெயிச்சிருக்குமே" என்றாள். நான் குடையைச் சரிசெய்தேன். சில கேள்விகளுக்குக் குடையைச் சரிசெய்வதுதான் பதில்.

சாயங்காலம் கரண்ட் வந்தது.

நவம்பர் 19

வெப்பம்: 4. என் வெப்பம்: 102.

டிசம்பர் 12

வெப்பம்: 4.

குறிப்பு: ஒரு டாஃபடில் கிழங்கின் உச்சியில் வெள்ளையாக ஏதோ தெரிகிறது. அரிசி மணி அளவு. மூக்கு என்று சொல்ல வேண்டுமாம், சிந்து சொன்னாள். தேங்காய் எண்ணெய் தேய்த்த மாதிரி மினுமினுக்கிறது. கொட்டகையில் எல்லாருக்கும் ஃபோனில் படம் காட்டினேன். பல் முளைத்திருக்கிறதா, யார் குழந்தைக்கு என்று ஒருவர் கேட்டார். விளக்கிச் சொல்ல நேரம் இல்லை, ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ஜனவரி 3, சனி

வெப்பம்: வெளியே 3, உறைபனி.

குறிப்பு: பதினாலு வாரம் முடிந்தது. இன்று நடவு.

சிந்துவுக்குப் பரீட்சை, வர முடியவில்லை. தெய்வா ஃபோனைப் பிடிக்க, சிந்து அதிலிருந்து அதிகாரம் செய்ய, நான் வாசலில் குத்தவைத்து நட்டேன். மூக்கு மேலே பார்க்க வேண்டும். கிழங்கின் உயரத்தைப் போல மூன்று மடங்கு ஆழம். மண்ணில் பாதி மணல். இதெல்லாம் எனக்குத் தெரியாதா என்று கயிறு கட்டி, கேரட் பாத்தி மாதிரி மூன்று வரிசை நேராகப் போட்டேன்.

"அப்பா, பூவைச் சும்மா அங்கங்க தூவுன மாதிரி வெக்கணும். இது என்ன, ரேஷன் கடைக் கியூவா?"

"கியூல நின்னாத்தான் கண்ணு எல்லாருக்கும் கிடைக்கும்."

அவள் சிரித்த சத்தத்தில் ஃபோன் கரகரத்தது. நட்டு முடித்தபோதும் பாத்தியைச் சுற்றி வெள்ளையாகப் பனி உறைந்து கிடந்தது. கோணியைப் போட்டு மூடலாமா என்று கேட்டேன். வேண்டாம், அதுகளுக்கு அது பிடிக்கும், விட்டுவிடுங்கள் என்றாள். விட்டுவிட்டேன். ஆனால் இரண்டு தடவை வெளியே போய்ப் பார்த்தேன்.

ஜனவரி 15, பொங்கல்

வெப்பம்: 6.

குறிப்பு: பானை பொங்கும்போதே சிந்து வாசலில் இருந்து கத்தினாள். முப்பத்தோரு மூக்குகள் மண்ணை முட்டிக்கொண்டு வெளியே வந்திருக்கின்றன. கியூ கலையாமல். துலிப் இருபதுக்கு மேல். அவள் மண்ணில் கன்னத்தை வைத்துப் படுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள், புதுப் பாவாடையோடு. தெய்வா திட்டினாள். நான் பக்கத்தில் படுத்தேன். இரண்டு பேரையும் திட்டினாள்.

படுத்துப் பார்த்தால்தான் தெரிகிறது, ஒவ்வொரு மூக்கும் தலையில் ஒரு சிட்டிகை மண்ணைத் தூக்கிக்கொண்டு வருகிறது.

ஜனவரி 29

வெப்பம்: 5.

குறிப்பு: பூத்துவிட்டது. துலிப் இல்லை, குரோக்கஸ். குங்குமப்பூவுக்குச் சொந்தக்காரனாம். காலையில் வெயில் பட்டதும் நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கண் முன்னால் விரிந்தது. ஊதா நிறம், உள்ளே மஞ்சள் நாக்கு. பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டே ஓடிப்போய்த் தெய்வாவை இழுத்து வந்தேன். நான் சொன்னது ஒன்றும் புரியவில்லை, ஆனால் அவளும் பார்த்துவிட்டு வாயில் பிரஷ் இல்லாமலேயே பேச முடியாமல் நின்றாள்.

மத்தியானம் அங்கன்வாடிப் பிள்ளைகள் பதினோரு பேரைச் சட்டை முனையைப் பிடித்துக்கொள்ள வைத்து ரயில் மாதிரி கூட்டிவந்தாள். ஒவ்வொருவரும் குனிந்து பூவுக்கு வணக்கம் சொன்னார்கள். யார் சொல்லிக் கொடுத்தது என்று தெரியவில்லை. ஒருத்தி மட்டும் பூவிடம் பெயர் கேட்டாள். குரோக்கஸ் என்றேன். அந்தப் பெயர் அவளுக்குப் பிடிக்கவில்லை, பேச்சியம்மா என்று வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

பிப்ரவரி 6

வெப்பம்: 7.

குறிப்பு: டாஃபடில் ஏழு பூத்தாயிற்று. பஸ் டிரைவர் வளைவில் நிறுத்தி எட்டிப் பார்க்கிறார். நான் ஊரில் பெரிய மனுஷனாகிவிட்டேன்.

துலிப் இருபத்து நாலும் வந்துவிட்டன. ஒன்றுகூடத் தவறவில்லை. இலை நன்றாக இருக்கிறது, அகலமாக, முயல் காது மாதிரி. இந்நேரம் இலைகளுக்கு நடுவில் மொட்டு தெரிய வேண்டும். தெரியவில்லை. இலையை விலக்கி விரலால் தடவிப் பார்த்தேன். காலியாக இருக்கிறது. இன்னும் நாள் இருக்கிறது.

பிப்ரவரி 9

வெப்பம்: 7.

குறிப்பு: காலியாக இருக்கிறது.

பிப்ரவரி 12

வெப்பம்: 8.

குறிப்பு: ஊட்டியில் தோட்ட வேலை பார்க்கிற ஒருவரைக் கூட்டிவந்து காட்டினேன். பார்த்ததுமே சொன்னார். இலை மட்டும் வந்து பூ வராததைக் குருடு என்பார்களாம். கிழங்கு உள்ளே இருக்கும்போதே பூ செத்திருக்கும், டாஃபடில் கொஞ்சம் தாங்கும், துலிப் தாங்காது, பழம் கிழம் பக்கத்தில் வைத்தீர்களா என்றார். டீ குடிக்கிறீர்களா என்று கேட்டேன்.

பக்கம் 3, அக்டோபர் 1 குறிப்புக்குத் திருத்தம்:

வெளியே வைத்தால் கெட்டுவிடும் என்று எழுதியிருக்கிறேன். கெடாது. கேத்தியில் ஐம்பத்தொரு வருஷமாக இருக்கிறேன், ஆப்பிள் எப்போது கெடும் என்று எனக்குத் தெரியும். சிவப்பு மையில் எழுதியதையும் படித்தேன். இரண்டு தடவை. படித்துவிட்டுத்தான் வைத்தேன். ஒன்பது நாள் வைத்திருந்தேன். ஒவ்வொரு நாளும் கதவைத் திறந்து 4 என்று எழுதும்போது பெட்டியையும் பார்த்தேன். நீ ஃபோனில் கேட்டபோது இல்லை என்றது பொய்.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் உண்மை. அது கணக்கில் வருமா என்று தெரியவில்லை. கணக்கு எனக்கு எப்போதுமே வராது.

பக்கத்தைக் கிழிக்கலாம் என்று ஒரு தடவை யோசித்தேன். எண் போட்டிருக்கிறாய்.

பிப்ரவரி 14, சனி

வெப்பம்: பார்க்கவில்லை.

குறிப்பு: சிந்து காலை பஸ்ஸில் வந்தாள். பையைக்கூட இறக்கி வைக்காமல் பாத்திக்குப் போனாள். இருபத்து நாலு துலிப்பையும் வரிசையாக, இலையை விலக்கி, நுனிவிரலால் தொட்டுப் பார்த்தாள். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. கடைசிச் செடி வரை போனாள். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். தெய்வா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வந்து படியில் உட்கார்ந்து செருப்பில் ஒட்டியிருந்த மண்ணைக் குச்சியால் சுரண்டினாள்.

"மண்ணு சரி, ஆழம் சரி, குளிரும் சரியாத்தான் குடுத்திருக்கீங்க. எங்க தப்பு பண்ணேன்னு தெரியலப்பா. இன்னும் எனக்கு விவரம் பத்தாது போல. பந்தயம்னா பந்தயந்தான், அவங்களுக்கு வரலைன்னு எழுதிடறேன்."

நான் எதிர்பார்த்திருந்தது அழுகை, அல்லது சண்டை. இதை எதிர்பார்க்கவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், நான் ஜெயித்துவிட்டேன். ஆயுளில் நான் ஜெயித்த பந்தயம் ஒன்றுகூடக் கிடையாது.

அலமாரியிலிருந்து இந்த நோட்டை எடுத்து, திருத்தம் எழுதிய பக்கத்தில் விரலை வைத்து அவளிடம் கொடுத்துவிட்டு, கேரட் கொட்டகைக்குப் போய்விட்டேன். இன்று எனக்கு விடுமுறை. ராம்பிரவேஷ் தள்ளி நின்று இடம் கொடுத்தான். பதினாலு மூட்டை கழுவினேன். அந்தக் கேரட்டை வாங்குகிறவர்கள் அதில் முகம் பார்க்கலாம்.

சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டுக்கு வந்தேன். அதற்கு மேல் கழுவக் கேரட் இல்லை. அவள் பாத்தி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள், மடியில் நோட்டு. முதல் பக்கத்திலிருந்து படித்திருக்கிறாள். நான் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன்.

"ஒம்பது நாளு."

"ஒம்பது நாளு."

"வேணும்னே வெச்சீங்க."

"ஆமா கண்ணு."

"எதுக்குப்பா?"

இந்தி, குளிர், ரயில் என்று மூன்று காரணமும் தயாராகத்தான் இருந்தன. வாயைத் திறந்தேன். அது வழக்கம்போல என்னைக் கேட்காமல் வேறு ஒன்றைச் சொன்னது.

"நீ இல்லைன்னா வீடு நல்லா இருக்காது."

அவள் நோட்டை மூடினாள். கோபம் இருந்தது, நியாயமான கோபம். கழுத்து நரம்பில் தெரிந்தது, அவள் அம்மாவுக்கும் அங்கேதான் தெரியும்.

"இதைச் செப்டம்பர்லயே வாயால சொல்லியிருந்தீங்கன்னா இருபத்தி நாலு கிழங்கும் பொழச்சிருக்கும்."

"சொல்லியிருந்தா நீ போயிருக்க மாட்டியா?"

"போயிருப்பேன். ஆனா பூ பூத்திருக்கும்."

அடுப்படி ஜன்னலுக்குப் பின்னால் தெய்வா சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்து, இருமலாக்கி, முடியாமல் முழுசாகவே சிரித்தாள். சிந்து என்னைப் பார்க்காமல் உதட்டைக் கடித்தாள். அப்புறம் அவளாலும் முடியவில்லை. நான் கடைசியாகச் சிரித்தேன். குற்றவாளி முதலில் சிரிக்கக் கூடாது, அந்த அளவு இங்கிதம் எனக்கு உண்டு.

"கள்ள ஆட்டம் ஆடுனா ஆட்டம் செல்லாதுப்பா" என்றாள்.

செல்லாது என்று நானும் ஒத்துக்கொண்டேன். பேனா கேட்டேன். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் இடம் சின்னதாக இருந்தது. என் முழுப் பெயரும் அப்பா பெயரும் ஊர்ப் பெயரும் போட்டேன். கோட்டுக்கு வெளியே போய்விட்டது. பரவாயில்லையாம்.

பிப்ரவரி 17

குறிப்பு: அவள் என்னோடு முக்கால்வாசி பேசுகிறாள். கால்வாசி பாக்கி வைத்திருக்கிறாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் ஆப்பிள் ஒன்றை நறுக்கி என் தட்டில் மட்டும் வைத்தாள். சாப்பிட்டேன்.

பிப்ரவரி 24, செவ்வாய்

வெப்பம்: 9.

குறிப்பு: ஒரு துலிப் பூத்திருக்கிறது.

மூன்றாவது வரிசையில் கடைசிச் செடி. கெடு தாண்டி நான்கு நாள் தாமதம், அரசு பஸ் மாதிரி. மற்றதெல்லாம் குருடு, இது மட்டும் எப்படியோ ஒன்பது நாளையும் தாங்கியிருக்கிறது. சிவப்பு என்று சொன்னால் போதாது. தண்டு குட்டை, பூ கொஞ்சம் கோணல். கையெழுத்தும் போட்டாயிற்று, பதிலும் போய்விட்டது, இனி இதனால் யாருக்கும் ஒரு காரியமும் ஆகாது. அதனால் நாள் முழுக்கச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தோம், மூன்று பேரும், வேலையைப் போட்டுவிட்டு.

சிந்து பக்கத்தில் குத்தவைத்து, "ஒண்ணாவது உங்க பேச்சைக் கேக்கல பாருங்க" என்றாள். பாக்கிக் கால்வாசியும் வந்துவிட்டது.

அப்புறம், கொண்டுவிட நீங்களும் அம்மாவும் வருகிறீர்களா என்று கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். தெய்வா போன வாரமே மூன்று டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறாள்.

மார்ச் 2, திங்கள், மணாலிக்கு மேலே

வெப்பம்: 1 டிகிரி. தோட்டத்து வாசலில் பலகையில் போட்டிருக்கிறார்கள்.

குறிப்பு: இரண்டு ராத்திரி ரயில், ஒரு ராத்திரி பஸ். செருப்பு விஷயமும் புரிந்துவிட்டது, ராம்பிரவேஷ் சொன்னது காலுறையை.

தோட்டம் என்றார்கள். எனக்குத் தெரிந்தது ஒரு மலைச்சரிவு நிறைய வெள்ளை. எங்கே பூ என்று கேட்கப்போனேன். சிந்து என் தலையைப் பிடித்துக் குனிய வைத்தாள். பனிக்கு நடுவில் மூக்குகள். நூறு இல்லை, ஆயிரம் இல்லை, சரிவு முழுக்க. ஒவ்வொன்றும் தன்னைச் சுற்றி ஒரு ரூபாய் அளவுக்குப் பனியை உருக்கி, வட்டம் போட்டுக்கொண்டு நிற்கிறது. யாரும் எந்தக் கோணியும் போட்டு மூடவில்லை.

அங்கே மேஸ்திரி மாதிரி ஒரு அம்மாள். நான் ராம்பிரவேஷிடம் கேட்டு எழுதிய சீட்டைப் பார்த்து, சாப்பிட்டீர்களா என்று இந்தியில் கேட்டேன். வேறு எதைக் கேட்பது என்று தெரியவில்லை. அவர் சாப்பிட்டேன் என்றார், நீங்கள் என்றார். இவ்வளவு பெரிய உரையாடலை நான் எந்த மொழியிலும் இவ்வளவு பயத்தோடு பேசியதில்லை. எங்களுக்கு ஆளுக்கு ஒரு கிண்ணம் சூடான சூப் வந்தது.

பதினோரு மணிக்குப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ரப்பர் பூட்ஸ் கொடுத்தார்கள். சிந்து போட்டுப் பார்த்தாள், இரண்டு சுற்று நடந்து பார்த்தாள், பக்கத்தில் நின்ற பெண்ணிடம் என்னவோ சொல்லிச் சிரித்தாள். அப்புறம் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு எல்லாரோடும் சரிவில் ஏறிப் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. கால் வைக்கிற இடத்தைத்தான் பார்த்துப் போனாள், மூக்குகளை மிதிக்காமல். அப்படித்தான் போக வேண்டும்.

நான் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று தெய்வாவிடம் சொன்னேன்.

அவள் அந்த வெள்ளை மலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரு தடவை பார்த்தாள்.

"இவ்வளவு பனியில ஏதுங்க தூசி" என்றாள். சொல்லிவிட்டு என் துண்டை வாங்கி அவளும் துடைத்துக்கொண்டாள்.